உங்களுக்குத் தெரியுமா? தோளுக்கு உதை, காதுக்கு அடி

பெரிய ரைஃபிளைச் சுடும்போது தோளில் விழும் உதைக்குக் குண்டு மட்டும் காரணமல்ல. 12.7 மி.மீ. தோட்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். குண்டின் எடை சுமார் 42 கிராம். அதைத் தள்ளும் வெடிமருந்து சுமார் 15 கிராம். மருந்து எரிந்து வாயுவாகிக் குண்டையும் மிஞ்சிய வேகத்தில் குழல் வாயிலிருந்து பீறிடுகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால், உதையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இந்த வாயுவால் வருவது.

துப்பாக்கி கனமாக இருந்தால் சுடுபவருக்கு நல்லதுதான். அதே தோட்டாவை இரு மடங்கு எடையுள்ள ரைஃபிளில் போட்டுச் சுட்டால், உதையின் ஆற்றல் பாதியாகிவிடும். 12.7 மி.மீ. ரைஃபிள்கள் பல 10 கிலோவைத் தாண்டுவதற்கு இதுவும் ஒரு காரணம்; அந்த எடையால்தான் அவை பெரும்பாலும் தரையில் படுத்து இருகால் தாங்கியில் வைத்துச் சுடப்படுகின்றன.

அமெரிக்காவின் பாரெட் ரைஃபிள் படத்தைப் பார்த்தவர்களுக்கு, குழல் முனையில் அம்புத்தலை போன்ற ஓர் இரும்புத் துண்டு நினைவிருக்கும். அது அழகுக்கு வைத்ததல்ல. முன்னே பாயும் வாயுவைத் தடுத்துப் பக்கவாட்டிலும் பின்புறமாகவும் திருப்பிவிடும் தடுப்பான் அது. வாயு அதில் மோதித் துப்பாக்கியை முன்னுக்கு இழுப்பதால் தோளுக்குப் பெரிய நிம்மதி. ஆனால் திரும்பிய வாயு எங்கே போகும்? சுடுதளத்தில் பக்கத்து இடத்தில் படுத்திருப்பவர் மேல்தான். விசையை இழுத்த கணத்தில் குழல் வாயின் இருபுறமும் புழுதி எழும்பும். பக்கத்தில் இருப்பவருக்கு முகத்திலும் நெஞ்சிலும் அறை விழுந்தது போலிருக்கும். சுடுபவரின் உதை குறைகிறது, அருகில் இருப்பவரின் காதுக்கு ஆபத்து கூடுகிறது. தடுப்பான் பூட்டிய துப்பாக்கியோடு வருபவர் பக்கத்தில் இருப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் மரியாதை.



உதையைக் குறைப்பதற்குப் பதில் அதையே வேலை வாங்கிய மனிதர் ஹைரம் மாக்சிம். குண்டு வெளியேறும்போது வீணாகும் பின்னுந்துதலைக் கொண்டே அடுத்த தோட்டாவைத் தானாக ஏற்றும் இயந்திரத் துப்பாக்கியை 1884-இல் உருவாக்கினார். பல ஆண்டுகள் வெடிச்சத்தத்தோடு புழங்கிய அவருக்குப் பிற்காலத்தில் காது கேட்பது வெகுவாகக் குறைந்துபோனது. அவருடைய மகன் ஹைரம் பெர்சி மாக்சிம்தான் 1909-இல் துப்பாக்கிச் சத்தத்தைக் குறைக்கும் ‘சைலன்சர்’ கருவிக்குக் காப்புரிமை பெற்றவர். சினிமாவில் காட்டுவது போல அது சத்தத்தை விழுங்கிவிடாது. குழல் வாயின் வெடிப்பைத்தான் தணிக்கும். ஒலியைவிட வேகமாகப் பறக்கும் குண்டு காற்றைக் கிழிக்கும் ‘பட்’ ஒலி அப்படியே இருக்கும்.

காதுக்கு எவ்வளவு தாங்கும்? திடீர் வெடியொலிக்கு 140 டெசிபெல் என்பது பரவலாக ஏற்கப்பட்ட எல்லை. பெரிய ரைஃபிள்கள் 160-ஐத் தாண்டும். 20 டெசிபெல்தானே அதிகம் என்று எண்ணாதீர்கள். ஒலியழுத்தம் பத்து மடங்கு ஆகிறது! உட்செவியில் ஒலியை உணரும் நுண்மயிர் செல்கள் ஒருமுறை அழிந்தால் மனிதருக்கு மறுபடி முளைப்பதில்லை. தோளில் கன்றிய தோல் சில நாளில் ஆறிவிடும். காது அப்படி ஆறாது.

காதைக் காக்கும் ஸ்பாஞ்ச் அடைப்பானைச் சும்மா சொருகினால் பயனில்லை. விரல்களால் மெல்லிய திரியாக உருட்ட வேண்டும்; மற்றக் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்து உள்ளே நுழைத்து, அது விரியும்வரை விரலால் பிடித்திருக்க வேண்டும். அதன் மேல் காதுமூடியும் போட்டால் கூடுதலாகக் கிடைப்பது 5 டெசிபெல் அளவுதான். இருந்தாலும் பெரிய துப்பாக்கிக்கு இரண்டும் அவசியம். துப்பாக்கிக் கட்டையில் கன்னம் பதிக்கும்போது காதுமூடி சற்றே தூக்கிக்கொள்ளும். கண்ணாடிக் காம்பும் இடைவெளி விடும். அப்போது காப்பது உள்ளே இருக்கும் அடைப்பான்தான்.

குறி தவறுவதற்கும் இதே வெடிச்சத்தம் காரணமாகலாம். வெடிக்கப்போகிறது என்ற பயத்தில், விசை இழுக்கும் முன்பே கண் சுருங்கி, தோள் முன்னே தள்ளும். பயிற்சியாளர்கள் இதைக் கண்டுபிடிக்க, சுடுபவருக்குத் தெரியாமல் ஒரு போலித் தோட்டாவை வைத்துக் கொடுப்பார்கள். வெடிக்காத துப்பாக்கியின் முனை தாழ்ந்தால் பயம் வெளிப்பட்டுவிடும்.

உதையால் கண்ணுக்கருகிலும் ஆபத்து உண்டு: குறிபார்க்கும் ஸ்கோப்பில் கண்ணை ஒட்டி வைத்துச் சுட்டால், அதன் விளிம்பு புருவத்தைக் கிழித்துவிடக்கூடும்.

சுடுவதை வேடிக்கை பார்க்கப் போகிறவர்களும் காதுக் காப்பு அணியுங்கள், குழந்தைகளுக்கு முதலில் அணிவியுங்கள். சுட்டு முடித்த பிறகு காதில் ‘ஙொய்’ என்ற இரைச்சல் நிற்காமல் கேட்டால், தானாகச் சரியாகிவிடும் என்று காத்திருக்காமல் உடனே காது மருத்துவரைப் பாருங்கள்.