நுனி இலையும் வட்ட இலையும்

காவிரிப் படுகை ஊர்களில் கல்யாணம் வீட்டோடு நடந்த காலத்தில், என்ன சமைப்பது என்று யாரும் அதிகம் யோசித்ததில்லை. பச்சடி, கறி, கூட்டு, சாம்பார், மோர்க்குழம்பு, ரசம், பாயசம், வடை, அப்பளம் என்று முகூர்த்தச் சாப்பாடு வழிவழியாக முடிவாகியிருந்தது. யோசனையெல்லாம் அதற்கு இடம் பண்ணுவதில்தான். கொல்லையில் நீளமாகக் குழி வெட்டிக் கோட்டை அடுப்பு மூட்டினார்கள். வாசலில் கீற்றுப் பந்தல் போட்டார்கள். இடம் போதாவிட்டால் எதிர்வீட்டுக் கூடத்திலும் பந்திப்பாய் விரிந்தது. இன்று மண்டபமோ ஓட்டலோ கடற்கரைப் புல்வெளியோ முதலில் முடிவாகிறது. அங்கே எது சரிப்படுமோ அதுதான் சாப்பாடு.

1963இல் எழுத்தாளர் சாவி ஆனந்த விகடனில் எழுதிய ‘வாஷிங்டனில் திருமணம்’ தொடரில், அப்பளம் இடுவதற்கென்றே பாட்டிமார் விமானம் ஏறுகிறார்கள். அமெரிக்கா வரை போனாலும் கல்யாணச் சாப்பாட்டில் ஓர் அப்பளம் குறையக் கூடாது என்ற பிடிவாதம்தான் அங்கே நகைச்சுவை. அன்றைய வாசகர்கள் அந்தப் பிடிவாதத்தைத் தங்கள் வீடுகளிலும் பார்த்திருப்பார்கள்.

வீட்டுக்கும் ஓட்டலுக்கும் நடுவில் வந்தது மண்டபம். பாய் போய் மேஜை வந்தது. விறகு போய் 19 கிலோ சிலிண்டர் வந்தது. மேஜைமேல் காகிதச் சுருளும் பிறகு பிளாஸ்டிக் விரிப்பும் வந்தன. 2019 ஜனவரி 1 முதல் அந்த பிளாஸ்டிக் விரிப்பைத் தமிழ்நாட்டில் தடை செய்தார்கள். வாழை இலைக்கு எந்தத் தடையும் வரவில்லை. மண்டபத்தில் உட்காரும் விதம் மாறியதே தவிர, பரிமாறும் வரிசை மாறவில்லை.

வரவேற்பில் நின்றபடி சாப்பிடத் தொடங்கியபோதுதான் சாப்பாடே மாறியது. இலைமுன் உட்கார்ந்தவர் சோற்றில் குழி செய்து ரசத்தை வாங்கிக்கொள்வார். நிற்பவருக்கு ஒரு கை தட்டைப் பிடிப்பதிலேயே போய்விடும். அதனால் ரசம் கோப்பைக்குள் சூப்பைப் போலப் போனது. பிசைய வேண்டியவை குறைந்து, எடுத்துக் கடிக்கக்கூடியவை பெருகின. புல்வெளியில் காற்று அடிப்பதால் சமைத்து வைத்தது சீக்கிரம் ஆறிவிடும். அதனாலேயே கண்ணெதிரே வார்க்கும் தோசைக்கு அங்கே மவுசு. கடலோர ஈரக்காற்றில் அப்பளம் நமுத்துப்போகும்; தயிர்சாதத்துக்கு ஒரு கெடுதலும் இல்லை. பெரிய ஓட்டல்கள் பலவற்றில் வெளிச் சமையல்காரர்களுக்கு அனுமதி கிடையாது. ஆகவே குடும்பத்துக்குப் பழகிய கைமணத்தையும் வாசலிலேயே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

சென்னை தேனாம்பேட்டையில் ஒரு தலைமுறையின் பெரிய கல்யாணங்கள் நடந்த அபாட்ஸ்பரி மாளிகை இருந்த இடத்தில், 2011 முதல் ஹயாத் ரீஜென்சி ஓட்டல் நிற்கிறது. அங்கே இப்போதும் கல்யாணங்கள் நடக்கின்றன. தாத்தாவின் கல்யாணமும் பேரனின் வரவேற்பும் ஒரே மண்ணில் நடந்த குடும்பங்கள்கூட இருக்கலாம்.

பழைய பந்தியை எண்ணி ஏங்குவோர், அதில் யார் எங்கே உட்காரலாம் என்பதைச் சாதி தீர்மானித்ததையும் சேர்த்தே நினைக்க வேண்டும். சிலருக்குப் பந்தி தனி. சிலருக்கு எல்லாம் முடிந்த பிறகு, கொல்லைப்புறத்தில். தட்டேந்தி நிற்கும் வரிசையில் அந்தப் பிரிவினைக்கு இடமில்லை. விறகுப் புகையில் கண் எரிந்தவர்களுக்கும், முதல்நாள் இரவெல்லாம் காய் நறுக்கிய பெண்களுக்கும் விடுதலை கிடைத்தது. தரையில் உட்கார முடியாத முழங்கால்களுக்கு மேஜை பெரிய உதவி.

அதே முழங்கால்கள் இன்று புல்வெளியில் நாற்காலி தேடுகின்றன. “இன்னும் கொஞ்சம் போட்டுக்கோங்க” என்று வாளியோடு குனியும் மாமா இல்லை. வேண்டியதை நாமே எடுத்துக்கொள்கிறோம். வேண்டாம் என்று கையால் இலையை மறைக்கும் சுகம் போயிற்று.

இப்போது வரவேற்பு இரவை இடத்தின் போக்குக்கு விட்டுவிட்டு, மறுநாள் முகூர்த்தத்துக்கு மட்டும் இலை போடும் குடும்பங்கள் பல. இரவு விருந்திலும் இலை முழுக்க மறைந்துவிடவில்லை. பீங்கான் தட்டின் அளவுக்கு வட்டமாக வெட்டி, அடியில் போட்டு வைத்திருக்கிறார்கள். அதில் நுனி கிடையாது. நுனி சாப்பிடுபவரின் இடப்பக்கம் வர வேண்டும் என்று குழந்தைக்குச் சொல்லித்தர அங்கே அவசியமும் இல்லை.