நடுவயது மாதரின் நெஞ்சுப் படபடப்பு

நாற்பது வயதைக் கடந்த பெண்மணிகளில் பலர், மாதவிலக்கு ஒழுங்கு தவறத் தொடங்கும் காலத்தில் புதியதொரு தொல்லையைப் பற்றிக் கூறுகின்றனர். வேலை ஏதும் செய்யாமல் அமர்ந்திருக்கும்போதே நெஞ்சு திடீரெனப் படபடக்கிறது. இரவில் உறக்கம் கலைந்து விழித்தால், இருதயம் தொண்டைக்குழிவரை வந்து அடிப்பதுபோல் தோன்றுகிறது. சில நிமிஷங்களில் அது தானே அடங்கியும் விடுகிறது. மறுநாள் இதை வீட்டிலுள்ளோரிடம் கூறினால், "வயதாகிறதல்லவா, இப்படித்தான் இருக்கும்" என்ற பதில் கிடைக்கிறது. அல்லது மாரடைப்போ என்று வீடே கலங்கிப்போகிறது. இரண்டுமே அவசர முடிவுகள். பெரும்பாலோருக்கு இப்படபடப்பு தீங்கற்றது என்பது உண்மையே. ஆயினும், வயதின்மேல் பழியைப் போடுமுன் சிலவற்றைச் சோதித்துப் பார்த்தல் அவசியம். இந்தியப் பெண்களைப் பொறுத்தவரை, அவற்றுள் முதலாவது ரத்தம்.

மேல்நாட்டுப் பெண்களுக்குச் சராசரியாக 51 வயதில் மாதவிலக்கு நிற்கிறது. இந்தியப் பெண்களுக்கோ 46, 47 வயதிலேயே நின்றுவிடுகிறது. அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே உடலில் மாறுதல்கள் தோன்றுமாதலால், இந்நாட்டில் இப்பருவம் நாற்பதை ஒட்டியே ஆரம்பமாகக்கூடும். இக்காலத்துப் பெண்களில் பத்துக்கு நால்வர் வரையில் நெஞ்சுப் படபடப்பை உணர்வதாகச் சில ஆய்வுகள் தெரிவிக்கின்றன.

சூலகங்களில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் இப்பருவத்தில் படிப்படியாகக் குறைவதில்லை. ஒரு மாதம் மிகுந்தும் மறுமாதம் குறைந்தும் ஊசலாடுகிறது. உடலின் வெப்பத்தை ஒரு நிலையில் வைத்துக் காப்பது மூளையின் அடிப்பாகத்திலுள்ள ஹைபோதலாமஸ் என்ற பகுதி. ஈஸ்ட்ரோஜன் நிலை தவறும்போது, இப்பகுதி மிகச் சிறிய வெப்ப மாறுதலையும் பெரிதாகக் கொண்டுவிடுகிறது. உடனே தோலின் ரத்தக் குழாய்கள் விரிகின்றன, வியர்வை பெருகுகிறது, முகமும் கழுத்தும் கொதிக்கின்றன. அச்சமயம் இருதயத்தின் துடிப்பும் நிமிஷத்துக்குச் சுமார் 10 வரை கூடிவிடுகிறது. படபடப்பும் உடற்கொதிப்பும் சேர்ந்தே வருவது இதனால்தான்.

வேறு சிலர், இருதயம் ஒரு துடிப்பை விட்டுவிட்டுத் துடிப்பதாகக் கூறுவர். உண்மையில் அங்கே எந்தத் துடிப்பும் விடுபடுவதில்லை. ஒரு துடிப்பு முந்திக்கொண்டு வந்துவிடுகிறது. இருதயம் ரத்தத்தால் நிரம்புமுன்னரே அது நிகழ்வதால், மணிக்கட்டு நாடியில் அது தெரிவதில்லை. அதனை அடுத்துச் சற்றே நீண்ட இடைவெளி ஏற்படுகிறது. அவ்விடைவெளியில் இருதயம் வழக்கத்தைவிட அதிகமாக நிரம்பி, அடுத்த துடிப்பில் ஓங்கி அடிக்கிறது. நெஞ்சில் குத்தியதுபோல் உணரப்படுவது அந்த ஓங்கிய துடிப்பே. இத்தகைய முந்து துடிப்புகள் ஆரோக்கியமான இருதயத்திலும் உண்டு. இரவின் அமைதியில் இடப்பக்கம் சாய்ந்து படுக்கும்போது அவை நன்கு புலனாகின்றன.

இதுவரை கூறியவற்றால் ஆபத்து இல்லை. இனிக் கூறப்போவது வேறு.

2019-21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை இருந்தது. 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் அது ரத்தசோகை எனப்படும். மாதவிலக்கு நிற்கவிருக்கும் பருவம் இக்குறையை மேலும் வளர்த்துவிடுகிறது. சில மாதங்களில் சூலகத்திலிருந்து முட்டை வெளிப்படுவதில்லை. ஆகவே கருப்பையின் உட்படலத்தை நிலைப்படுத்தும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனும் சுரப்பதில்லை. படலம் தடித்துக்கொண்டே போய், பிறகு பெரும்போக்காக வெளிப்படுகிறது. ஏழு நாட்களுக்குமேல் நீடித்தாலோ, கட்டிகட்டியாகப் போனாலோ, ஓரிரு மணிக்கொரு முறை துணி மாற்ற நேர்ந்தாலோ அது மிகையான போக்கு. "நிற்கிற காலத்தில் இப்படிப் போகத்தான் செய்யும்" என்று பல குடும்பங்களில் பெரியவர்கள் கூறுவது பெண்ணின் கஷ்டத்தை நீடிக்கச் செய்கிறதே தவிர, வேறு பயனில்லை.

ஹீமோகுளோபின் பிராணவாயுவைச் சுமந்து செல்லும் பொருள். அது குறைந்தால், அதே அளவு பிராணவாயுவை உடலெங்கும் கொண்டுசேர்க்க இருதயம் அதிக முறை துடித்தாகவேண்டும். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குதல், கண்ணிமையின் உட்புறம் வெளுத்தல், பச்சரிசி, மண், பனிக்கட்டி ஆகியவற்றைத் தின்னும் ஆசை ஆகியன இதன் அறிகுறிகள். இத்தகையவளுக்குப் படபடப்பு வந்தால், அது மனக்கவலையுமன்று, வயதுமன்று. ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனையில் புலப்பட்டுவிடும் குறை அது. அத்துடன், 45 வயதுக்குமேல் மிகையான போக்கு உள்ளவர்கள் கருப்பையையும் பரிசோதித்துக்கொள்வது முறை.

கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி மிகையாக வேலை செய்தாலும் படபடப்பு உண்டாகும். இந்நோயிலும் உடல் வெப்பத்தைத் தாங்காது, வியர்வை மிகும், உறக்கம் கெடும், மாதவிலக்கும் மாறும். ஆதலின் இதை வயதின் கோளாறெனத் தவறாகக் கருதிவிடுவது எளிது. நன்றாக உண்டும் உடல் இளைப்பதும், நீட்டிய விரல்கள் நடுங்குவதும் வேறுபாட்டைக் காட்டும். தைராய்டுக் குறைவுக்காக மாத்திரை உட்கொள்பவர்களுக்கு, அளவு மிகுந்தாலும் இதே நிலை ஏற்படும். ஆஸ்த்மாவுக்கும் மூக்கடைப்புக்கும் உட்கொள்ளும் சில மருந்துகளும் துடிப்பைக் கூட்டுபவை.

இந்தியாவில் மறக்கக்கூடாத மற்றொன்று உண்டு. சிறு வயதில் தொண்டைப் புண்ணும் மூட்டு வீக்கமுமாக வந்துபோன வாதக்காய்ச்சல், இருதயத்தின் வால்வைச் சுருக்கிவிட்டு, பல ஆண்டுகள் வெளித்தெரியாமல் இருப்பதுண்டு. நடுவயதில் இருதயத்தின் மேலறைகள் தாறுமாறாக அதிரத் தொடங்கும்போதே சிலருக்கு அது தெரியவருகிறது. அப்பொழுது உள்ளே ரத்தம் உறைந்து மூளைக்குச் சென்று, பக்கவாதத்தை விளைவிக்கக்கூடும். நாடி எவ்வித ஒழுங்குமின்றி, ஒரு முறை விரைந்தும் மறுமுறை தயங்கியும் அடித்தால் தாமதம் கூடாது.

இன்னொரு வகையில் படபடப்பு, விளக்கின் விசையைத் தட்டியதுபோல் ஒரு கணத்தில் தொடங்கி, அவ்வாறே ஒரு கணத்தில் நின்றுவிடும். துடிப்பு நிமிஷத்துக்கு 150க்கும் மேல் செல்லும். இருதயத்தின் மின்பாதையில் ஏற்படும் சுழற்சியே காரணம். இதன் ஒரு முக்கிய வகை ஆண்களைக் காட்டிலும் பெண்களிடமே அதிகம் காணப்படுகிறது. இதை மனநோயெனத் தள்ளிவிடும் தவறு மேல்நாடுகளிலும் நேர்ந்துள்ளது. 1997இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், இக்கோளாறு உள்ளவர்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினரின் அறிகுறிகள், திடீர்ப் பீதி நோய்க்குரிய இலக்கணத்துடனும் பொருந்தியிருந்தன. உரிய சிகிச்சையால் இதைப் பெரும்பாலும் அறவே குணப்படுத்திவிடலாம் என்பதை எண்ணும்போது, இத்தவறு வருந்தத்தக்கதே.

வைத்தியருக்குப் பெருந்துணை செய்வது, படபடக்கும்போதே எடுத்த குறிப்பு. வலக்கையின் நடு மூன்று விரல்களை இடக்கைப் பெருவிரலின் அடியில், மணிக்கட்டில் மெல்லப் பதித்து, கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிஷம் எண்ணவேண்டும். அமைதியாயிருக்கும்போது 60 முதல் 100 வரை இருத்தல் இயல்பு. எண்ணிக்கை, ஒழுங்கு, தொடங்கிய விதம், அதற்குமுன் உண்டதும் அருந்தியதும், மாதவிலக்கு நாள் ஆகியவற்றை எழுதிவைத்தல் நன்று. ஈ.சி.ஜி. படம் சில விநாடித் துடிப்புகளையே காட்டுமாதலால், படபடப்பு இல்லாத வேளையில் எடுத்தது பெரும்பாலும் சரியாகவே தோன்றும். அத்தகையோருக்கு நாள் முழுதும் உடலில் அணியும் ஹோல்டர் கருவி பயன்படுகிறது. அமெரிக்க விஞ்ஞானி நார்மன் ஹோல்டர் முதலில் அமைத்த கருவி முதுகில் சுமக்கவேண்டிய மூட்டையாக, சுமார் 38 கிலோ எடையுடன் இருந்தது! இன்றோ அது கைக்குள் அடங்கிவிடுகிறது.

மயக்கம், நெஞ்சுவலி, கடும் மூச்சுத்திணறல், கைகால் ஒருபுறம் தளர்தல் ஆகியவற்றுள் ஏதேனும் படபடப்புடன் சேர்ந்து வருமாயின், குறிப்பெழுதிக்கொண்டிராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். உழைக்கும்போது மட்டும் தோன்றும் படபடப்பையும், குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம் நிகழ்ந்தவர்களுக்கு வரும் படபடப்பையும் வைத்தியரிடம் தவறாது தெரிவித்தல் வேண்டும்.

சோதனைகள் யாவும் சரியாயிருப்பின், எஞ்சியது பொறுத்துப் பழகும் காரியமே. காப்பி, தேநீர் சிலருக்கு ஒத்துக்கொள்ளும், சிலருக்கு ஆகாது. இரண்டு வாரம் நிறுத்திப் பார்த்து அவரவர் முடிவு செய்துகொள்ளலாம். புகையிலை சேர்த்த வெற்றிலையை அறவே விடவேண்டும். நிகோடின் துடிப்பைக் கூட்டுவது உறுதி. படபடக்கும்போது அமர்ந்து, ஐந்து விநாடி மூச்சை இழுத்து, ஐந்து விநாடி மெல்ல விடுதல் துடிப்பைத் தணிக்க உதவும். உடற்கொதிப்பு மிகக் கடுமையானவர்களுக்கு ஹார்மோன் சிகிச்சை பலனளிக்கும். மார்புப் புற்றுநோய், ரத்த உறைவு, பக்கவாதம் ஆகியன வந்தவர்களுக்கு அது பொதுவாக ஏற்றதன்று.

ரத்தசோகை எனத் தெரிந்தால் இரும்புச்சத்து மாத்திரை தேவைப்படும். 2018இல் தொடங்கிய ரத்தசோகை ஒழிப்புத் திட்டத்தின்கீழ் பெண்களுக்கென வகுக்கப்பட்ட வார மாத்திரை, நோய் வராமல் தடுப்பதற்கானது. சோகை கண்டவர்களுக்கு அது போதாது. வைத்தியர் கூறும் அளவு வேண்டும். மாத்திரையைத் தேநீருடன் விழுங்கினால் சத்தில் பெரும்பகுதி உடலில் சேராது. எலுமிச்சைச் சாற்று நீருடன் உட்கொண்டால் நன்கு சேரும். மலம் கறுத்துப்போவது கண்டு அஞ்சி மாத்திரையை நிறுத்திவிடுவோர் உளர். அது இரும்பின் நிறமேயன்றி வேறன்று. ஒரு மாதம் கழித்து ரத்தத்தை மீண்டும் சோதிக்கவேண்டும். ஹீமோகுளோபின் உரிய அளவை எட்டிய பின்னரும், உடலின் இரும்புச் சேமிப்பு நிரம்புவதற்காக மேலும் மூன்று மாத காலம் மாத்திரையைத் தொடர்வது வழக்கம்.