சுடாமல் வெட்டிய ஒளி

லேசிக் கண் சிகிச்சைக்கு அடித்தளம் போட்ட சென்னைக்காரர் ரங்கசாமி சீனிவாசன்

மண்டபத்திலிருந்து தனுஷ்கோடி வரைக்கும் வெயில் மேலேயிருந்து மட்டும் அடிப்பதில்லை. கடலில் பட்டுத் தெறிக்கிறது. மணலில் பட்டு எழும்புகிறது. காய்ந்த கடற்கரை மணல் தன்மேல் விழும் புற ஊதாக் கதிர்களில் 15 சதவீதம் வரையிலும், அலை நுரை 25 சதவீதம் வரையிலும் திருப்பி அனுப்பும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தலையில் கட்டிய துண்டு மேல்வெயிலைத் தாங்கும். கீழேயிருந்து வரும் வெளிச்சத்தை அது என்ன செய்ய முடியும்?

பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் பல ஆண்டுகள் கடலுக்குப் போய் வந்தவர்களின் கண்ணை உற்றுப் பாருங்கள். சிலருக்கு மூக்கோரத்து வெள்ளைவிழியிலிருந்து கருவிழியை நோக்கி மெல்லிய சவ்வு ஒன்று முக்கோணமாக ஏறியிருக்கும். 'கண்ணுல சதை வளருது' என்பார்கள். அதற்கு வெயிலின் புற ஊதாக் கதிர் முக்கியமான காரணம். கண்புரை சீக்கிரம் வருவதிலும் அதற்குப் பங்கு உண்டு. வாலிநோக்கம் உப்பளத்தில் வெள்ளை வெளேரென்ற பாத்திகளுக்கு நடுவே நாள் முழுக்கக் குனிந்து வேலை செய்கிறவர்களுக்கும் இதே ஆபத்துதான்.

இந்தக் கதிர் ஒரு பொருளின் மீது பட்டால் அதன் மூலக்கூறுகளுக்கு என்ன ஆகிறது? இந்த ஒரு கேள்வியோடு தன் வாழ்நாளைக் கழித்தவர் ரங்கசாமி சீனிவாசன். அந்தக் கேள்விக்குக் கிடைத்த விடைதான் இன்று உலகெங்கும் கோடிக்கணக்கானோரின் கண்ணாடியைக் கழற்றிவைத்த லேசிக் சிகிச்சைக்கு அடிப்படை.

சென்னையிலிருந்து யார்க்டவுன் வரை

சீனிவாசன் 1929-இல் சென்னையில் பிறந்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1949-இல் இளநிலைப் பட்டமும் 1950-இல் முதுநிலைப் பட்டமும் பெற்றார். பிறகு அமெரிக்கா சென்று, லாஸ் ஏஞ்சலிஸ் நகரிலுள்ள தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் 1956-இல் இயற்பிய வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கினார். கால்டெக்கில் சிறிது காலம், ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் சில ஆண்டுகள் ஆய்வு. 1961-இல் நியூயார்க் மாநிலம் யார்க்டவுன் ஹைட்ஸில் இருக்கும் ஐபிஎம் நிறுவனத்தின் வாட்சன் ஆராய்ச்சி மையத்தில் சேர்ந்தவர், 1990 வரை அங்கேதான் இருந்தார்.

அந்த ஆண்டுகளை இன்றைய கண்ணால் பார்க்கக் கூடாது. 1946-இல் வந்த சட்டப்படி, அமெரிக்காவில் குடியேற இந்தியர்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்த இடம் ஆண்டுக்கு 100. அந்த நாட்டு முறைப் பங்கீட்டை நீக்கிய சட்டம் 1965-இல்தான் வந்தது. சீனிவாசன் படித்து முடித்து ஐபிஎம்மில் வேலைக்குச் சேர்ந்ததெல்லாம் அந்தக் கதவு திறப்பதற்கு முன்பே நடந்துவிட்டது. பாராமதியில் பிறந்து, புனேயில் படித்து, ஸ்டான்போர்டு சென்ற குமார் படேலும் அதே காலத்தவர். அவர் பெல் ஆய்வுக்கூடத்தில் 1964-இல் கார்பன் டை ஆக்சைடு லேசரை உருவாக்கினார். இன்று இரும்புத் தகடு வெட்டுவதிலிருந்து அறுவை சிகிச்சை வரை பயன்படும் லேசர் அது.

இருவருக்கும் ஒரு வேறுபாடு உண்டு. படேல் லேசரை உருவாக்கிய இயற்பியலாளர். சீனிவாசன் லேசரைக் கண்டுபிடிக்கவில்லை; அவர் ஒளிவேதியியலாளர். லேசர் ஒளி பொருளைத் தொட்ட பிறகு நடப்பதுதான் அவர் துறை. ஆனாலும் அமெரிக்க இயற்பியல் சங்கம் 1998-இல் உயிர் இயற்பியலுக்கான தன் பரிசை இந்த வேதியியலாளருக்கே கொடுத்தது.

வெந்து போகாத துளை

படேலின் லேசர் உமிழ்வது அகச்சிவப்புக் கதிர். அது பொருளைச் சூடாக்கி வெட்டும். தகட்டுக்கு அது போதும். உடம்பின் திசு என்றால், வெட்டிய இடத்தைச் சுற்றிலும் வெந்து கருகும்.

1970-களில் எக்சைமர் என்ற புதுவகை லேசர் வந்தது. ஆர்கானும் ஃபுளோரினும் சேர்ந்த வாயுக் கலவைக்குள் மின்சாரத்தைப் பாய்ச்சினால், ஒரு கணம் மட்டும் ஒட்டியிருந்து பிரியும் மூலக்கூறுகள் உண்டாகும். அவை பிரியும்போது 193 நானோமீட்டர் அலைநீளத்தில் புற ஊதா ஒளியைக் கக்கும். இந்த ஒளி நம் கடற்கரைக்கு வந்ததே இல்லை. சூரியனிலிருந்து புறப்பட்டாலும், தரையைத் தொடுமுன் ஆக்சிஜனும் ஓசோனும் அதை முழுவதுமாக விழுங்கிவிடுகின்றன.

ஐபிஎம் அந்த லேசரை வாங்கியது மின்னணுக் கருவிகளுக்குத் தேவையான வேலைகளுக்காக. பிளாஸ்டிக் படலத்தில் நுணுக்கமாகக் கோடு செதுக்க முடியுமா என்று சீனிவாசன் சோதித்தார். பாலியெஸ்டர் படலத்தின் மீது 193 நானோமீட்டர் ஒளியைத் துடிப்புகளாகச் செலுத்தினார். படலம் உருகவில்லை, கருகவில்லை. ஒளி பட்ட இடம் மட்டும் ஒரு துடிப்புக்கு ஒரு மெல்லிய அடுக்காகக் காணாமல் போனது. பள்ளத்தின் ஓரம் உளியால் செதுக்கியது போல நேராக நின்றது.

காரணம், அவர் பல ஆண்டுகளாக அறிந்து வைத்திருந்த ஒளிவேதியியல். 193 நானோமீட்டர் ஒளியின் ஒவ்வொரு ஃபோட்டானிலும் 6.4 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் இருக்கிறது. இரண்டு கார்பன் அணுக்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பிணைப்பை அறுக்க அதில் பாதிக்குச் சற்று மேல் இருந்தால் போதும். மேற்பரப்பில் ஏராளமான பிணைப்புகள் ஒரே நேரத்தில் அறுபடுகின்றன. பெரிய மூலக்கூறுகள் துண்டு துண்டாகி, ஆவியாய்ப் பறக்கின்றன. வெப்பமும் அந்தத் துண்டுகளோடு போய்விடுகிறது. ஒரு துடிப்பின் நீளம் ஒரு நொடியில் நூறு கோடியில் பத்துப் பதினைந்து பங்கு. பக்கத்துக்குச் சூடு பரவ நேரமே கிடைப்பதில்லை.

பிளாஸ்டிக்கும் ஒரு நீள மூலக்கூறு, புரதமும் ஒரு நீள மூலக்கூறு. அப்படியானால் உயிர்த்திசுவிலும் இது நடக்க வேண்டுமே?

1981 நவம்பர் 27

அது தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு மறுநாள், வெள்ளிக்கிழமை. அமெரிக்க வீடுகளில் முந்தைய நாள் விருந்தில் மிஞ்சிய வான்கோழி இருக்கும். அதன் எலும்பும் குருத்தெலும்பும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு சீனிவாசன் ஆய்வகத்துக்குப் போனார். எக்சைமர் லேசரின் கீழே வைத்தார், துடிப்புகளைச் செலுத்தினார். குருத்தெலும்பில் சுத்தமான ஒரு வெட்டு விழுந்தது.

உடன் வேலை செய்தவர்கள் இருவர்: பொருளறிவியலாளர் சாமுவேல் பிளம், அந்த லேசர் ஆய்வுக் குழுவின் மேலாளரான இயற்பியலாளர் ஜேம்ஸ் வின். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சாதாரணப் பச்சை லேசராலும் திசுவை வெட்டிப் பார்த்தார்கள். 532 நானோமீட்டர் பட்ட இடம் கருகிச் சிதைந்தது. 193 நானோமீட்டர் பட்ட இடத்தில், நுண்ணோக்கியில் பார்த்தபோதும் சுற்றியுள்ள திசுவில் கருக்கல் இல்லை. பின்னர் ஐபிஎம் வெளியிட்ட ஒரு படம் உலகம் முழுக்கப் பிரபலமானது: ஒரேயொரு தலைமுடி, அதன் மேல் வரிசையாகச் செதுக்கிய நேர்த்தியான பள்ளங்கள். முடி தீய்ந்திருக்கவில்லை.

மூவரும் மருத்துவ, பல் மருத்துவப் பயன்களுக்காகக் காப்புரிமை கேட்டார்கள். 1988 நவம்பரில் அது கிடைத்தது. ஆனால் இந்த வெட்டு உடம்பில் எந்த இடத்துக்கு மிகவும் தேவை என்பது ஒரு கண் மருத்துவர் வந்த பிறகுதான் தெளிவானது.

நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் ட்ரோக்கல் 1983-இல் கன்றுக்குட்டிகளின் கண்களோடு யார்க்டவுனுக்கு வந்தார். அந்தக் காலத்தில் கிட்டப்பார்வையைச் சரிசெய்ய, கருவிழியைச் சுற்றி ஆரங்கள் போல வைரக் கத்தியால் கீறிவிடும் முறை இருந்தது. வெட்டின் ஆழம் முழுக்க முழுக்க மருத்துவரின் கையை நம்பியது. ட்ரோக்கல், சீனிவாசன், அவரோடு பணியாற்றிய போடில் பிராரன் மூவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை அந்த ஆண்டு டிசம்பரில் அமெரிக்கக் கண் மருத்துவ இதழில் வந்தது. கருவிழிப் படலத்தை ஒளியால் செதுக்கலாம் என்று அது காட்டியது.

1988-இல் மார்கரெட் மெக்டொனால்ட் என்ற மருத்துவர் பார்வையுள்ள ஒரு மனிதக் கண்ணில் இதைச் செய்தார். கிரீஸ் நாட்டின் கிரீட் தீவில் அயோனிஸ் பல்லிகாரிஸ், படலத்தின் மேலடுக்கை ஏடு போலத் தூக்கி, உள்ளே செதுக்கி, திரும்ப மூடும் முறையை வளர்த்தெடுத்தார். அதுதான் லேசிக். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1995-இல் எக்சைமர் லேசர் பார்வைத் திருத்தத்துக்கு முதல் அனுமதி கொடுத்தது.

கருவிழிப் படலத்தின் நடுப்பகுதி ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிமன். லேசரின் ஒரு துடிப்பு அதில் எடுப்பது சுமார் கால் மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் நாலாயிரத்தில் ஒரு பங்கு. மைனஸ் 4 பவர் கண்ணாடி போட்டவருக்கு நடுவில் சுமார் 50 மைக்ரான் எடுத்தால் பார்வை சரியாகும். ஒரு தலைமுடியின் தடிமனைத் தாண்டாத அளவு அது. அதற்குக் கீழே ஒளி இறங்குவதில்லை. கண்ணின் வில்லையையும் விழித்திரையையும் தொடுவதில்லை. கடற்கரை வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிரோ கண்ணுக்குள் நுழைந்து வில்லை வரைக்கும் போகும். ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்லக் கெடுக்கும். அலைநீளத்தில் ஒரு நூறு நானோமீட்டர் வேறுபாடு இத்தனையையும் மாற்றிவிடுகிறது.

தற்செயல் என்று சொல்லலாமா?

வான்கோழிக் கதையை அதிர்ஷ்டக் கதையாகச் சொல்கிற வழக்கம் உண்டு. அப்படிச் சொல்வது சீனிவாசனுக்குச் செய்யும் அநியாயம். அந்த வெள்ளிக்கிழமைக்கு முன்னால் ஏறத்தாழ கால் நூற்றாண்டு அவர் ஒளிவேதியியல் செய்திருந்தார். புற ஊதா ஒளி எந்தப் பிணைப்பை எப்படி அறுக்கும் என்று தெரிந்த ஒருவர்தான், மிஞ்சிய எலும்பைப் பார்த்ததும் அது ஒரு சோதனைப் பொருள் என்று நினைப்பார். எத்தனையோ கோடி வீடுகளில் அன்று வான்கோழி மிஞ்சியிருக்கும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். கணினி செய்கிற ஒரு நிறுவனம், பயன் என்னவென்று முன்கூட்டிச் சொல்ல முடியாத கேள்விகளுக்குச் சம்பளம் கொடுத்து, ஆட்களைப் பல ஆண்டுகள் விட்டுவைத்தது. அதன் பலன் இரண்டு பக்கமும் வந்தது. கண்ணில் வந்தது போலவே சிலிக்கான் சில்லிலும் வந்தது. எக்சைமர் லேசரைக் கொண்டு சில்லில் மின்சுற்றுகளைப் பதிக்கும் முறையை 1982-இல் செய்து காட்டியவரும் ஐபிஎம்மில் பணியாற்றிய ஓர் இந்தியர், காந்தி ஜெயின். நம் கையிலிருக்கும் கைபேசியின் சில்லுகளில் பலவற்றில் அதே 193 நானோமீட்டர் ஒளியின் வேலை இருக்கிறது.

சீனிவாசனுக்கு அங்கீகாரம் தாமதமாக, ஆனால் நிறைவாக வந்தது. 2002-இல் பிளம், வின் இருவரோடும் சேர்ந்து அமெரிக்கத் தேசியக் கண்டுபிடிப்பாளர் அரங்கில் இடம்பெற்றார். 2013-இல் பொறியியலுக்கான ரஸ் பரிசு. அதே ஆண்டு பிப்ரவரியில் அதிபர் பராக் ஒபாமா வெள்ளை மாளிகையில் தேசியத் தொழில்நுட்பப் பதக்கத்தை வழங்கினார்.

நம் பிள்ளைகளுக்குத் தெரியாத பெயர்

ராமேஸ்வரத்தில் 1931-இல் பிறந்து, ராமநாதபுரம் சுவார்ட்ஸ் பள்ளியில் படித்த அப்துல் கலாமை இந்தக் கடற்கரையில் எந்தக் குழந்தையும் அறியும். சீனிவாசன் கலாமுக்கு இரண்டு வயது மூத்தவர். இருவரும் அறிவியல் படித்தது அன்றைய சென்னை மாகாணத்தில். ஒருவர் இங்கேயே இருந்தார், ஒருவர் வெளியே போனார். இருந்தவரைக் கொண்டாடுகிறோம், சரி. போனவரின் பெயரைப் பாடநூலில் ஒரு வரி எழுதக்கூடவா இடமில்லை? பள்ளியில் லேசர் பாடம் நடத்தும் ஆசிரியர், லேசிக் என்ற சொல்லோடு சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த ஒரு மனிதரையும் சேர்த்துச் சொன்னால், பாடம் மாணவருக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.

லேசிக் எல்லோருக்குமான சிகிச்சை கிடையாது என்பதையும் சொல்ல வேண்டும். பதினெட்டு வயது கடந்து, பவர் நிலைத்த பிறகுதான் செய்வார்கள். படலம் மெலிந்தவர்களுக்கும், அது கூம்பாகப் புடைக்கும் நோய் உள்ளவர்களுக்கும், கண் மிகவும் வறண்டவர்களுக்கும் ஆகாது. கண்புரைக்கும், கண்ணில் வளரும் சதைக்கும் இது மருந்தாகாது. அவற்றுக்கு வேறு சிகிச்சை உண்டு. 1976-இல் 11 படுக்கைகளோடு டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, புரை அறுவையை ஏழைகளுக்கும் எட்டும்படி செய்து காட்டியிருக்கிறது. ஆனால் படகில் உப்புத் துளி படிந்து மங்கும் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துச் சலித்த இளைஞருக்கும், பார்வைத் தேர்வு வைக்கும் சீருடைப் பணிக்கு ஆசைப்படும் பெண்ணுக்கும், விதிகள் இடம் கொடுத்தால், எக்சைமர் லேசர் ஒரு வழியைத் திறக்கக்கூடும்.

சிகிச்சைக்கு முன்னால் தடுப்பு இருக்கிறது. அதற்கு ஆகும் செலவும் குறைவு. கடலுக்குப் போகிறவர்களுக்கும், உப்பளத்தில் நிற்பவர்களுக்கும், புற ஊதாக் கதிரைத் தடுக்கும், பக்கவாட்டிலும் மறைக்கும் கண்ணாடியைக் கொடுக்க வேண்டும். சின்னப்பாலம் பெண்கள் கடலுக்குள் பாசி எடுக்க முங்கும்போது கண்ணாடி போட்டுக்கொள்கிறார்கள். கரையில் வெயிலில் நின்று அதைக் காயவைக்கும்போதும் கண்ணுக்கு ஒரு மறைப்பு வேண்டும். மீனவர் நலத் திட்டங்களில் வலைக்கும் எஞ்சினுக்கும் இடம் இருப்பது போலக் கண்ணுக்கும் இடம் வேண்டும்.

ராமநாதபுரம், மத்திய அரசு 2018-இல் அறிவித்த முன்னேற விழையும் மாவட்டங்களில் ஒன்று. இங்கே அறிவியல் படிக்கும் பிள்ளையிடம் வீட்டார் கேட்கும் முதல் கேள்வி, 'இதைப் படிச்சா என்ன வேலை கிடைக்கும்?' என்பதுதான். நியாயமான கேள்வி, வயிற்றிலிருந்து வருகிற கேள்வி. ஆனால் அரசும் பல்கலைக்கழகங்களும் அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது. ஒளி பட்டால் மூலக்கூறுக்கு என்ன ஆகும் என்ற கேள்விக்கு சீனிவாசன் ஆய்வைத் தொடங்கிய நாளில் எந்த வேலையும் காத்திருக்கவில்லை. அதைக் கேட்ட ஒருவருக்குக் கருவியும் சம்பளமும் காலமும் கிடைத்தன. அந்த மூன்றையும் நம் மாவட்டக் கல்லூரிகளில், நம் பிள்ளைகளில் சிலருக்காவது கொடுக்கத் தொடங்க வேண்டும். அடுத்த சீனிவாசன் கேள்வி கேட்க ஊரைவிட்டுப் போகத்தான் வேண்டும் என்ற நிலை இன்னும் தொடர்வது நமக்கு அழகல்ல.