உங்களுக்குத் தெரியுமா? தொட்டியில் நாலு சொட்டு நீலம்

மாமல்லபுரத்துக்கு வடக்கே, நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2013 முதல் இயங்குகிறது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர். 2024 பிப்ரவரியில் 15 கோடி லிட்டர் திறனுடன் இரண்டாவது நிலையமும் வந்தது. இரண்டும் சென்னையின் தாகத்துக்காக. இம்முறையில் 1,000 லிட்டர் நன்னீர் எடுக்க ஏறத்தாழ 3 முதல் 4 யூனிட் மின்சாரம் செலவாகும். அத்தனை அருமையான தண்ணீர், கழிப்பறையில் ஓசையின்றி ஒழுகுகிறதா?

ஃபிளஷ் தொட்டியில் நாலைந்து சொட்டு நீலம் விடுங்கள். அரை மணி நேரம் யாரும் பயன்படுத்த வேண்டாம். கோப்பையில் நீலம் தெரிந்தால் பெரும்பாலும் அடி வாஷர் தேய்ந்திருக்கும், நீங்களே மாற்றிவிடலாம்.

பழைய பெரிய தொட்டியா? ஒரு லிட்டர் பாட்டிலில் மணலும் நீரும் நிரப்பி, மூடி இறுக்கி உள்ளே வையுங்கள். நாளுக்கு 20 முறை ஃபிளஷ் செய்யும் வீட்டில் ஆண்டுக்கு 7,300 லிட்டர் மிச்சம். செங்கல் மட்டும் வேண்டாம், கரைந்து அடைக்கும்.

குழாய் முனையில், நீரில் காற்றைக் கலந்து செலவைக் குறைக்கும் ஏரேட்டர் மாட்டுவதும் நல்லது. பெங்களூரு 2024 தட்டுப்பாட்டில் அடுக்ககங்களுக்கு அதைக் கட்டாயமாக்கியது. நம் கடலோர ஆழ்துளைக் கிணற்று நீரால் ஏரேட்டரில் உப்புப் படியும். மாதம் ஒருமுறை அதைக் கழற்றி எலுமிச்சைச் சாற்றில் ஊறவையுங்கள்.

இன்றிரவு படுக்குமுன் அந்த நீலச் சோதனையைச் செய்து பாருங்கள்.