டிரம்ப் வெட்டிய நிலம், டிரம்பே பூட்டிய நிலம்: அமெரிக்காவின் 'வைல்டர்னஸ் சட்டம்' எப்படி வேலை செய்கிறது?

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 'பேர்ஸ் இயர்ஸ்' என்றொரு இடம் இருக்கிறது. கரடியின் காதுகளைப் போல இரண்டு குன்றுகள் தெரிவதால் அந்தப் பெயர். பழங்குடியினரின் பாறை ஓவியங்களும் பழங்கால வீடுகளும் நிறைந்த பகுதி. 2016 டிசம்பரில் அதிபர் ஒபாமா அங்கே 13.5 லட்சம் ஏக்கரை தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தார். ஒரு வருஷம்கூட ஆகவில்லை, 2017 டிசம்பரில் டிரம்ப் அதில் சுமார் 85 சதவீதத்தை வெட்டிவிட்டார். 2021 அக்டோபரில் பைடன் வந்து திரும்பவும் சேர்த்தார்.

அதெப்படி ஆளுக்கு ஆள் மாற்ற முடிகிறது?

அரசு நிலத்தை நினைவுச்சின்னமாக அறிவிக்க அதிபருக்கு அதிகாரம் தருவது 1906-ம் ஆண்டின் தொல்பொருள் சட்டம். கையெழுத்து போட்டால் போதும், நாடாளுமன்ற ஓட்டெடுப்பு தேவையில்லை. ஆனால், அப்படி அறிவித்ததை அடுத்த அதிபர் சுருக்கலாமா என்பது அந்தச் சட்டத்தில் தெளிவாக இல்லை. அதனால்தான் வழக்கு மேல் வழக்கு.

இந்தச் சிக்கல் இல்லாத இன்னொரு வழியும் உண்டு. அதுதான் 1964-ம் ஆண்டின் வைல்டர்னஸ் சட்டம். இதன் கீழ் ஓர் இடத்தைச் சேர்க்க வேண்டும் என்றாலும் நீக்க வேண்டும் என்றாலும், நாடாளுமன்றமான காங்கிரஸ் தனிச் சட்டம் போட வேண்டும். அதிபர் தனியாக எதுவும் செய்ய முடியாது.

சைக்கிளும் கூடாது!

இந்தச் சட்டத்துக்கு வரைவு எழுதியவர் ஹாவர்ட் ஸானைஸர். 1956-ல் தொடங்கி 60-க்கும் மேற்பட்ட முறை திருத்தி எழுதினார். 1964 மே மாதம் இறந்துபோனார். நான்கு மாதம் கழித்து, செப்டம்பர் 3 அன்று அதிபர் ஜான்சன் கையெழுத்திட்டபோது ஸானைஸரின் மனைவிதான் அங்கே நின்றார்.

விதிகள் கறாரானவை. நிரந்தர சாலை கிடையாது, கட்டடம் கிடையாது, மோட்டார் வண்டி கிடையாது. சைக்கிளுக்கும் தடை. பாதையில் மரம் விழுந்தால்கூட, பொதுவாக ஊழியர்கள் இரண்டு பேர் பிடித்து இழுக்கும் ரம்பத்தால்தான் அறுக்கிறார்கள். சக்கர நாற்காலிக்கு மட்டும் அனுமதி உண்டு.

ஆனால் சட்டம் சும்மா நிறைவேறிவிடவில்லை. ஏற்கெனவே மேய்ச்சல் நடந்த இடங்களில் அது தொடரலாம் என்று விட்டுக்கொடுத்தார்கள். சுரங்க நிறுவனங்கள் புதிதாக உரிமை கோர 1983 இறுதி வரை அவகாசம் தந்தார்கள். காடுகளைக் காக்கும் சட்டத்தில் சுரங்கத்துக்கு 19 வருஷ அவகாசம்! இந்த பேரத்துக்குப் பிறகுதான் பிரதிநிதிகள் சபையில் 373 பேர் ஆதரித்தார்கள், எதிர்த்தவர் ஒரே ஒருவர்.

அன்று 91 லட்சம் ஏக்கரில் தொடங்கியது, இன்று 11 கோடி ஏக்கரைத் தாண்டிவிட்டது. தமிழ்நாட்டைப் போல மூன்றரை மடங்கு. அதில் பாதி அலாஸ்காவில் மட்டும்.

அதே டிரம்ப், அதே யூட்டா

இங்கேதான் ட்விஸ்ட். பேர்ஸ் இயர்ஸை வெட்டிய அதே டிரம்ப், 2019 மார்ச்சில் சுமார் 13 லட்சம் ஏக்கரை வைல்டர்னஸாக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதில் பாதி யூட்டாவின் எமெரி கவுண்டியில் இருக்கிறது. செனட்டில் 92-க்கு 8 என்ற கணக்கில் தேறிய மசோதா அது. பேர்ஸ் இயர்ஸை வாஷிங்டன் தங்கள் மேல் திணித்தது என்று யூட்டா அரசியல்வாதிகள் கொதித்தார்கள். எமெரியிலோ உள்ளூர் நிர்வாகமே பல வருஷம் பேசி, எது காடு, எங்கே வண்டி ஓட்டலாம் என்று கோடு போட்டுக்கொடுத்தது.

இந்த வழியில் ஒரே பிரச்னை, காத்திருப்பு. வைல்டர்னஸ் தகுதி உண்டா என்று ஆய்வு செய்யப்பட்ட அரசு நிலங்களில் 1 கோடி ஏக்கருக்கும் மேல் இன்னும் காங்கிரஸின் முடிவுக்காக நிற்கிறது. பரிந்துரைகள் போய்ச் சேர்ந்து 30 வருஷம் தாண்டிவிட்டது. முடிவு வரும்வரை அந்த நிலங்களின் காட்டுத்தன்மை கெடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று 1976-ம் ஆண்டின் இன்னொரு சட்டம் சொல்கிறது.