உங்களுக்குத் தெரியுமா? வெளுத்த பிளக் சொல்லும் செய்தி
1 கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று தேவை. காற்று அதனினும் மிகுந்தால் அது ‘லீன்’ எனப்படும் மெலிந்த கலவையாகும். இன்ஜெக்டர் வழியே பெட்ரோலைப் பீய்ச்சும் பழைய மாருதி 800 எம்.பி.எஃப்.ஐ. போன்ற கார்களில், கழற்றிய ஸ்பார்க் பிளக்கின் பீங்கான் முனை இளம்பழுப்பாக இராமல் வெளுத்திருப்பது இதன் அறிகுறியாகும்.

கலவை மெலியும் காரணத்தை அறிய, ஐடிலில் (வண்டி நிற்கும்போது எஞ்சின் மெதுவாக ஓடும் நிலையில்) மட்டும் எஞ்சின் தடுமாறினால், விரிசல்விட்ட வேக்குவம் ஹோஸ் வழியாகக் கணக்கில் வராத காற்று நுழைகிறதா என்றும், வேகமெடுக்கையில் திணறினால், பெட்ரோல் பம்பின் அழுத்தம் குறைந்ததா, ஃபில்டர் அடைத்ததா என்றும் முதலில் ஆராய வேண்டும். புகைக்குழாயிலுள்ள ஆக்சிஜன் சென்சாரின் மின்னழுத்தம் 0.45 வோல்ட்டுக்குக் கீழேயே நின்றால், கலவை மெலிந்துள்ளது என்ற ஐயம் வலுக்கும். கவனியாது விட்டால் வெப்பம் மிகுந்து வால்வும் பிஸ்டனும் சேதமடையக்கூடும்.