உங்களுக்குத் தெரியுமா? டிராக் ஃபிளிக்கின் வேகம் காலில் பிறக்கிறது!

● ஹாக்கியில் பெனால்டி கார்னரின் முதல் ஷாட்டை ஓங்கி அடித்தால், பந்து 46 செ.மீ. உயரத்துக்குள்தான் கோல் கோட்டைக் கடக்க வேண்டும். மட்டையோடு இழுத்து எறியும் டிராக் ஃபிளிக்குக்கு இந்த வரம்பு இல்லை. 2.14 மீட்டர் உயரக் கோல் முழுவதும் அதற்கு இலக்கு.

● ரசிகர்கள் பார்ப்பது மணிக்கட்டை; நல்ல கோச் பார்ப்பது கால்களை. வலது கால் இடது காலுக்குப் பின்னால் குறுக்கே போய் ஊன்றும். அடுத்து இடது கால் நீளமாக எட்டு வைக்கும். எட்டு நீண்டால் பந்தை இழுக்கும் தூரம் கூடும். தூரம் கூடினால் வேகம் ஏறும்.

● அதனால் பந்தே இல்லாமல் காலடிகளைப் பழக்குவது நல்ல தொடக்கம். பிறகு நிற்கும் பந்து, கடைசியில்தான் பின்கோட்டிலிருந்து தள்ளிவிடப்படும் பந்து.

● பந்தை எடுக்கும் இடம் உடலுக்குப் பின்னால், வலது காலருகே. முதலில் பந்து மட்டைத் தண்டின் அடிப்பகுதியில் ஒட்டும். இழுக்க இழுக்க மட்டையின் வளைவுக்கு நகர்ந்து அங்கிருந்து பறக்கும்.

● இடுப்பு, தோள், கை, மணிக்கட்டு: உடல் திரும்ப வேண்டிய வரிசை இது. சாட்டையின் பிடியில் தொடங்கும் விசை நுனியில் வெடிப்பதுபோல, இடுப்பில் தொடங்கும் விசை பந்தில் முடியும். கை முந்திக்கொண்டால் வேகம் போய்விடும்.

● பாகிஸ்தானின் சொஹைல் அப்பாஸ் சர்வதேச ஆட்டங்களில் 348 கோல் அடித்தார். அவற்றில் பெரும்பகுதி பெனால்டி கார்னரில் வந்தவை.

● டோக்கியோ ஒலிம்பிக் காலிறுதியில் ஆஸ்திரேலியாவை இந்தியப் பெண்கள் 1-0 என வென்றார்கள். அந்த ஒரே கோல் குர்ஜித் கவுரின் டிராக் ஃபிளிக். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆண்கள் பிரிவில் 10 கோல்களுடன் முதலிடம் பிடித்தவர் ஹர்மன்பிரீத் சிங்.

● ஃபிளிக்கர் மட்டும் தேறினால் போதாது. பந்தைத் தள்ளிவிடுபவர், கோல் முன் உள்ள வட்டத்துக்கு வெளியே அதை நிறுத்துபவர், எறிபவர் மூவரும் சேர்ந்தே பழக வேண்டும். பந்து சற்றே துள்ளி நின்றாலும் காலடிக் கணக்கு தவறிவிடும்.

● தாழக் குனிந்து வேகமாக முறுக்குவதால் கீழ்முதுகுக்குப் பெரும் சுமை. வளரும் பிள்ளைகளுக்கு நூற்றுக்கணக்கில் எறியவிடுவது பயிற்சியல்ல, தீங்கு. எண்ணிக்கையைக் குறையுங்கள், இடுப்பையும் வயிற்றுத் தசைகளையும் வலுவாக்குங்கள். முதுகு வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால், அன்றைய ஃபிளிக் பயிற்சியை அங்கேயே நிறுத்துங்கள்.